வீட்டில் பாடம் சொல்லும் தாயும் அவளது உடல் நலமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற குடும்ப அமர்வில், நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

பிள்ளைகளின் கல்வியைக் குறித்துப் பேசுமாறு நிர்வாகத்தினர் நம்மைக் கேட்டுக் கொண்டனர். கல்வியின் சிறப்பு இம்மேடையில் ஆண்டுதோறும் பேசப்பட்டு வருகின்றது. ஆகவே இவ்வாண்டு, கல்வி கொடுக்கும் ஒருவரைப் பற்றிப் பேசலாம் எனக் கருதினோம். அவர் பள்ளிக்கூட ஆசிரியர் அல்லர். மதரஸாவின் உஸ்தாதும் அல்லர். நம் முஹல்லாவில் சில வீடுகளில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே அருகில் அமர்ந்து பாடம் சொல்லிக் கொடுக்கும் தாய்தான் அவர்.

இவ்வழக்கம் நம்மிடையே பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக் கதவு மீண்டும் திறந்தது. ஏறத்தாழ இருபது மாதங்கள்! அருப்புக்கோட்டையில் தறி ஓடும் வீடாயினும், திருச்சுழிப் பக்கத்தில் ஆடு வளர்க்கும் வீடாயினும், எல்லா வீடும் பள்ளிக்கூடமாயிற்று. கல்வித் தொலைக்காட்சியின் முன்னே ஒரு பிள்ளை, கைப்பேசியின் முன்னே மறு பிள்ளை, அடுப்படியில் நின்றவாறே வாய்ப்பாடு ஒப்பிக்கக் கேட்கும் தாய் என அந்நாட்கள் கழிந்தன. தம்மாலும் சொல்லிக் கொடுக்க முடியும் என்பதைத் தாய்மார் பலர் அப்போதுதான் கண்டு கொண்டனர். பள்ளி திறந்தபின் பெரும்பாலோர் பிள்ளைகளை அனுப்பிவிட்டனர். சிலர் அனுப்பவில்லை.

அனுப்பாதவர்களில் ஒரு சாரார், பிள்ளை குர்ஆனை மனனம் செய்து முடிக்கட்டும் என்று நிறுத்தியவர்கள். மற்றொரு சாரார், மூச்சிரைப்பு போன்ற நோயுள்ள பிள்ளையை வகுப்பறையில் விட அஞ்சியவர்கள். இவ்விரு சாராரையும் நாம் குறை கூறவில்லை. ஆயினும் மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. அதைச் சொல்லாமல் கடந்து செல்வது அமானிதத்திற்கு மாறாகும். பெண் பிள்ளை பருவம் எய்தியதும் பள்ளியை நிறுத்திவிட்டு, யாரேனும் கேட்டால் வீட்டிலேயே படிக்க வைப்பதாகக் கூறும் வீடுகள் அவை. புத்தகம் எங்கே என்று கேட்டால் பரணைக் காட்டுகின்றனர். தம்பியைத் தூக்குவதும் மாவரைப்பதுமே அங்கே பாடத்திட்டம். அதற்கு வீட்டுக் கல்வி என்று பெயர் சூட்ட வேண்டாம். கல்வி தேடுவது ஆணுக்கு மட்டும் கடமையானதன்று என்பதை இப்பள்ளியின் மிம்பரிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கின்றீர்கள். அந்தப் பிள்ளையை வரும் கல்வியாண்டிலேயே பள்ளிக்கு அனுப்புங்கள். அருகில் பெண்கள் பள்ளி இல்லை, பேருந்து இல்லை என்று காரணம் கூறுவோர் நம்மிடம் வரட்டும். ஜமாஅத் சேர்ந்து வழி காண்போம்.

மெய்யாகவே வீட்டில் வைத்துக் கற்பிப்போர் ஒரு விவரத்தை அறிந்து கொள்வது அவசியம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசுகின்றது. வீட்டுக் கல்வியைப் பற்றி அது தனியாக எதுவும் கூறவில்லை. ஆகவே நாளை பிள்ளையின் கையில் சான்றிதழ் இருக்க வேண்டுமாயின், அதற்கான வழியை இன்றே பார்த்து வைக்க வேண்டும். மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்த பிள்ளை பத்தாம் வகுப்பிற்குப் பதியலாம். ஒருமுறை பதிந்தால் அப்பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம். நம் மாநிலத் தேர்வுத் துறையும் பன்னிரண்டரை வயது நிறைந்தோருக்குத் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்தி வருகின்றது. இவ்விரண்டும் தெரியாமல், 'என் பிள்ளையின் எதிர்காலம் என்னால் பாழாகுமோ' என்று இரவில் உறங்காமல் கிடந்த தாய்மார்களை நாம் அறிவோம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நம் பள்ளிவாசல் அலுவலகத்தில் உதவி கிடைக்கும்.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

பிள்ளைக்குத் தாயே கல்வியின் வாசலாக இருந்தது நம் மார்க்க வரலாற்றில் புதிதன்று. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150-இல் கஸ்ஸாவில் பிறந்தவர்கள். தந்தையை இழந்த அக்குழந்தையைத் தாயார் மக்காவிற்கு எடுத்துச் சென்று, வறுமையோடு போராடிக் கற்க வைத்தார்கள். ஏழு வயதில் குர்ஆன் மனனமாயிற்று. கூஃபாவைச் சேர்ந்த இமாம் ஸுஃப்யானுஸ் ஸவ்ரீ (ரஹ்) அவர்களின் தாயாரோ, நூல் நூற்றுப் பிழைத்தவர்கள். நீ கல்வியைத் தேடு, என் இராட்டினத்தைக் கொண்டு உன் செலவை நான் கவனித்துக் கொள்கின்றேன் என்னும் கருத்தில் மகனுக்கு வாக்களித்தார்கள். பத்து ஹதீஸ்களை எழுதி முடித்தால், உன் நடையிலும் பொறுமையிலும் ஏதேனும் மாற்றம் வந்திருக்கின்றதா என்று பார்த்துக் கொள் எனவும் மகனுக்கு அறிவுறுத்தினார்கள். மதிப்பெண் பட்டியல் இல்லாத காலத்துத் தேர்வு முறை அது!

நூற்ற கை, நெய்த கை என்றால் என்னவென்று நம் ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தார் சுற்றிக் கொண்டே மகளுக்குத் தமிழ் எழுத்தையும், பாவு ஓடும் இடைவெளியில் மகனுக்கு அலிஃப் பே-யையும் சொல்லிக் கொடுத்த மூதாட்டிகள் பலர் இம்மண்ணில் இருந்தனர். அவர்களது தோள் வலியைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. ஸுஃப்யானுஸ் ஸவ்ரீயின் தாயாரைப் புகழ்ந்து நாம் பயான் செய்கின்றோம். அந்தத் தாயாருக்கு முதுகு வலித்ததா, கண் மங்கியதா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தியாகத்தைப் புகழ்வது எளிது. தியாகம் செய்பவரின் சுமையில் ஒரு கை கொடுப்பதுதான் கடினம்.

சென்ற ஆண்டு ஓரிரவு இஷாவிற்குப் பிறகு ஒரு சிறுவன் தண்ணீர் பாட்டிலுடன் வந்து நின்றான். பத்து வயதிருக்கும். வீட்டிலேயே ஓதுகின்ற பிள்ளை. "ஹஜ்ரத், அம்மாவுக்குத் தலை சுத்துதாம். இதுல ஓதித் தரச் சொன்னாங்க" என்றான். ஓதிக் கொடுத்தோம். கொடுத்துவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டோம். "எனக்குப் பாடம் கேக்கும்போதே கண்ணை மூடிருவாங்க" என்றான் பிள்ளை. தந்தை வெளிநாட்டில். வீட்டில் சர்க்கரை நோயுள்ள பாட்டி, இரண்டு பிள்ளைகள். மறுநாள் நம் வீட்டார் துணைக்குச் சென்று அரசு மருத்துவமனையில் இரத்தம் பார்த்தனர். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தது. மூன்று மாதம் இரும்புச் சத்து மாத்திரை உட்கொண்டபின் இப்போது அல்லாஹ்வின் அருளால் நலமாக இருக்கின்றார். அவரது அனுமதியோடுதான் இதைச் சொல்கின்றோம். எந்த வீடு என்று ஊகித்துக் கொண்டிருக்க வேண்டாம். ஏனெனில் அத்தகைய வீடு ஒன்று மட்டுமன்று. 2019-21-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை இருந்தது. திரைக்கு இருபுறமும் பாருங்கள். பாதிப் பேர் என்றால் எத்தனை பேர்!

ஓதிப் பார்ப்பது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மருந்து செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கின்றார்கள். துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். தண்ணீர் பாட்டிலோடு பள்ளிவாசலுக்கு வருபவர் மருத்துவமனைக்கும் ஒரு நடை நடக்கட்டும்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீரசோழன் ஆட்டுச் சந்தையைத் தெரியாதவர் இங்கு இல்லை. ஆட்டு ஈரல் இரத்தத்திற்கு எவ்வளவு நல்லது என்பதும் யாவரும் அறிந்ததே. ஆனால் நம் வீடுகளில் ஈரல் பொரித்தால் அது முதலில் யார் தட்டிற்குச் செல்கின்றது? விருந்தாளிக்கு, பின்பு வீட்டு ஆணுக்கு, பின்பு பிள்ளைக்கு. சட்டியில் ஒட்டியதைச் சோற்றில் பிசைந்து உண்பவர் தாய். உண்டு முடித்த கையோடு ஒரு குவளைத் தேநீர்; அது உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும் என்பதை மருத்துவர்கள் எடுத்துரைக்கின்றனர். ஒரு மணி நேரம் கழித்து அருந்தினால் என்ன? இந்தக் கரிசல் காட்டுக் கம்பும் குதிரைவாலியும், கொல்லையில் நிற்கும் முருங்கையும் நம் முன்னோரின் உணவு. அவற்றை ஏழைகளின் உணவு என்று ஒதுக்கிவிட்டு மூன்று வேளையும் அரிசிச் சோறு, விருந்து நாட்களில் நெய்ச்சோறு என்று மாறியபின்னரே சர்க்கரை நோய் நம் வீடுகளில் பாய் விரித்துப் படுத்துக் கொண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகள் என மதிப்பிட்டது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். குழாயில் நீர் வரும் நாளை எண்ணிக் காத்திருந்து, வந்த நாளில் குடங்களை நிரப்பி வைத்துப் பழகியவர்கள் நாம். அந்தச் சிக்கனம் தாய்மாரின் தொண்டை வரை சென்றுவிட்டது. பகல் முழுவதும் பாடம் சொல்லும் வாய்க்கு இரண்டு குவளைத் தண்ணீர் கூட இறங்குவதில்லை. சித்திரை வெயிலில் இது சிறுநீர்க் கல்லுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் வழி செய்யும். உளூவில் சிக்கனம் ஸுன்னத்து. தாகத்தில் சிக்கனம் ஸுன்னத்து அன்று.

அன்பானவர்களே! அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள் ஊழியர் ஒருவரைக் கேட்டுத் தந்தையாரிடம் சென்ற செய்தியும், நபி (ஸல்) அவர்கள் உறங்கும் முன் ஓதத்தக்க தஸ்பீஹைக் கற்றுக் கொடுத்த செய்தியும் நம் பெண்களுக்கு மனப்பாடம். சோர்ந்து போன பெண்களிடம் இதைச் சொல்லிப் பொறுமை காக்கச் சொல்வது நம் வழக்கம். அந்தச் செய்தியின் முற்பகுதியை ஆண்கள் கேட்க வேண்டும். அலீ (ரலி) அவர்கள்தாம் அதை அறிவிக்கின்றார்கள். திருகை சுற்றியதால் ஃபாத்திமாவின் கையில் தழும்பு விழுந்தது. தோல்பையில் நீர் சுமந்ததால் மார்பில் தழும்பு விழுந்தது. வீட்டைப் பெருக்கியதால் ஆடை புழுதி படிந்தது என்று அவர்கள் எடுத்துரைப்பதாக ஒரு ரிவாயத்தில் வருகின்றது. போய்த் தந்தையாரிடம் கேட்டுப் பார் என்று தூண்டியவர்களும் அவர்களே. கணவர் பார்த்திருந்தார், மனைவியின் கையைப் பார்த்திருந்தார். தஸ்பீஹ் அதன் பின்னர் வந்தது. நம்மில் எத்தனை பேருக்கு மனைவியின் உள்ளங்கை தெரியும்? அவருக்குக் கடைசியாக இரத்த அழுத்தம் பார்த்த மாதம் தெரியுமா?

வெளிநாட்டில் உழைக்கும் நம் சகோதரர்கள் நாள்தோறும் கைப்பேசியில் பேசுகின்றனர். 'எத்தனையாவது ஜுஸ்உ ஆயிற்று?' என்பது முதல் கேள்வி. பிள்ளையை அந்தக் கேள்வி மகிழ்விக்கலாம். தாயை அது கணக்குக் கேட்பது போல் வருத்துகின்றது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கணக்குப் பாடத்தையாவது அத்தாவே கைப்பேசி வழியாகச் சொல்லிக் கொடுக்கட்டும். அந்த அரை மணி நேரம் தாய் கால் நீட்டி அமர்வார். உள்ளூரில் இருக்கும் தந்தையர்க்கோ எந்தச் சாக்கும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள். தொழுகை நேரம் வந்ததும் எழுந்து சென்றார்கள் என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். செருப்பைத் தைத்ததும் ஆடையைத் தைத்ததும் அவர்களது கண்ணியத்தைக் குறைக்கவில்லை.

இனிப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் பாடம் மட்டும் தருவதில்லை. கண் பரிசோதனை அங்கே நடக்கின்றது. குடற்புழு நீக்க மாத்திரை அங்கே கொடுக்கப்படுகின்றது. நடந்து போய் நடந்து வரும் தூரமும், மணியடித்ததும் ஓடும் ஓட்டமும் அங்கே கிடைக்கின்றன. பிள்ளையை வீட்டில் நிறுத்திக் கொண்டவர் இவையனைத்தையும் தம் பொறுப்பில் எடுத்துக் கொண்டவராவார். குடற்புழு மாத்திரையைப் பள்ளி செல்லாத பிள்ளைகள் அங்கன்வாடியில் பெற்றுக் கொள்ளலாம். கண்ணை ஆண்டுக்கொருமுறை பார்த்துவிட வேண்டும். எழுத்து மங்கலாகத் தெரிவதை மனனம் செய்யும் பிள்ளை மறைத்துவிடும், காதால் கேட்டே ஓதிவிடும்.

ஓட்டத்திற்கு என்ன செய்வது? 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரமேனும் உடல் வியர்க்க ஆடி ஓட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகின்றது. வீட்டில் ஓதும் பிள்ளை காலையிலிருந்து ரைஹாலின் முன் சம்மணமிட்டு அமர்கின்றது; பின்பு அதே இடத்தில் பாடப் புத்தகம்; பின்பு கைப்பேசி. பதினோரு வயதில் தொந்தியும் முதுகு வலியும் உள்ள ஹாஃபிழை நாம் கண்டிருக்கின்றோம். வலிமையுள்ள முஃமினை அல்லாஹ் அதிகம் நேசிக்கின்றான் என்ற கருத்துடைய நபிமொழியை ஓதும் நாவிற்கு, ஓடும் காலும் வேண்டாமா?

நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அதில் அன்னையார் வென்றார்கள். பிற்காலத்தில் உடல் சற்றுப் பருத்தபின் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்று, அதற்கு இது ஈடாயிற்று என்று சிரித்தபடி சொன்னார்கள். அபூதாவூதில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியை ஆண்கள் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் தம் மனைவி காலையில் நடந்து வருகின்றேன் என்றால் ஊர் என்ன சொல்லும் என்பார்கள். ஊர் சொல்வது சர்க்கரையைக் குறைக்காது, சகோதரர்களே! பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிட நடையேனும் வேண்டும் என்பதும் மேற்கூறிய வழிகாட்டுதலில் உள்ளதே. நாளொன்றுக்கு இருபத்திரண்டு நிமிடம். ஒரு நீண்ட தொலைக்காட்சித் தொடருக்கும் குறைவு.

எங்கே நடப்பது என்பது நியாயமான கேள்விதான். கண்மாய்க் கரை முழுவதும் சீமைக் கருவேல முள். சாலையோரம் வண்டிப் போக்குவரத்து. காலை எட்டு மணிக்கு மேல் வெயில். இதைக் குறித்து நிர்வாகத்தினரோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றோம், இறுதியில் சொல்கின்றோம்.

ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரராக ஆக்கப்பட்ட அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்றபோது, அவர்தம் மனைவி வாடிய ஆடையில் இருக்கக் கண்டு காரணம் கேட்டார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் (ரலி) அவர்கள் அவரை உண்ண வைத்தார்கள், உறங்க வைத்தார்கள், இரவின் பிற்பகுதியில் எழுப்பிச் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்தாருக்கும் தனித்தனியே ஹக்கு உண்டு என்று விளக்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை உண்மை என ஏற்றார்கள். புகாரியில் உள்ள இச்செய்தியில் நம் மனத்தைத் தொடுவது வேறொன்று. அந்தப் பெண்ணின் வாட்டத்தைக் கவனித்தவர் வீட்டிற்கு வந்த ஒரு தோழர். தனித்திருக்கும் வீட்டின் சோர்வை வெளியிலிருந்து வருபவரே காண்கின்றார். வீட்டில் பாடம் சொல்லும் தாய்க்கு அத்தகைய வருகையாளர் குறைவு. பள்ளி வாசலில் நின்று மற்றத் தாய்மாரோடு பேசும் பத்து நிமிடம் கூட அவருக்கு இல்லை. கோபம் அதிகரிக்கின்றது, பிள்ளையின் தவறான உச்சரிப்புக்குக் கை ஓங்குகின்றது, அடித்துவிட்டு இரவில் அழுகின்றார். இதைக் கெட்ட குணம் என்று மாமியார் சொல்ல வேண்டாம். களைப்பின் குரல் அது. அந்த வாரம் பாடத்தை நிறுத்தி வைத்து, மூன்று நாட்கள் உறங்கட்டும். ஒரு ஜுஸ்உ தாமதமாவதால் குர்ஆன் எங்கும் போய்விடாது. தாங்கவே முடியவில்லையெனில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு மாலையில் மக்தபுக்கு அனுப்புவதில் எந்த இழிவும் இல்லை. முடியாததை விட்டவரை யாரும் தோற்றவர் என்று பேச வேண்டாம்.

2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதற்கெனப் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்தனர். நம் தெருவில் சில கதவுகள் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டு வருந்தினோம். அரசுச் செவிலியரோ தன்னார்வலரோ வரும்போது, முதலில் பாட்டிக்கும் பின்பு தாய்க்கும் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டிக்கு மட்டும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டாம்.

ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கின்றோம். வரும் ஷவ்வால் மாதம் முதல், மதரஸா வளாகத்தின் முற்றம் ஸுப்ஹுக்குப் பின் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் திறந்திருக்கும். ஆண்கள் அந்நேரம் முன்வாசல் வழியாகவே செல்ல வேண்டும். முள்ளை வெட்டித் தளம் சமப்படுத்தும் பணியை இளைஞர்கள் ஏற்றுக் கொண்டுள்ளனர். அஸருக்குப் பின் மஃரிபு வரை அதே முற்றம் பிள்ளைகளுக்கு. வீட்டில் ஓதும் பிள்ளைகளும் மக்தப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடலாம். சனிக்கிழமைகளில் மூத்த மாணவர்கள் இருவர் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுப்பர். அந்த இரண்டு மணி நேரம் தாய்மாருக்கு விடுமுறை. பின்வாசல் சாவி மோதினார் வீட்டில் இருக்கும். முதலில் வருபவர் வாங்கித் திறந்து கொள்ளலாம்.

வஸ்ஸலாம்.